ஒன்ஸ் மோர் கேட்ட ஊர்

கலைவிழாவின் மூன்றாம் நாள், நாடகத்தின் கடைசிக் காட்சியில் குத்துப்பட்டு நிஜமாகவே செத்துப்போன நடிகர், சபை ‘ஒன்ஸ் மோர்’ கேட்டதால் எழுந்துகொண்டார். முன்வரிசையில் இருந்த பல் டாக்டர் அதற்குள் மேடையேறி நாடி பிடித்துப் பார்த்து உதட்டைப் பிதுக்கியாகிவிட்டது. பல் டாக்டருக்கு நாடியைப் பற்றி என்ன தெரியும் என்று பிற்பாடு சிலர் கேட்டார்கள். பிடிவரை மார்பில் இறங்கிய கத்தியைப் பார்க்க டாக்டர் எதற்கு, கண் இருந்தால் போதாதா? மேடைப் பலகை இடுக்கு வழியாக ரத்தம் சொட்டி, கீழே குந்தி பீடி குடித்துக்கொண்டிருந்த திரை இழுப்பவரின் தலையை நனைத்தது. சபை இதையெல்லாம் நடிப்பென்றே நினைத்தது. இப்படி ஒரு சாவை எந்த மேடையிலும் பார்த்ததில்லை என்று எழுந்து நின்று, நாற்காலியைத் தட்டி, கூரைத் தகடு அதிர அதிர ‘ஒன்ஸ் மோர்’ என்றது. செத்தவர் மெல்ல எழுந்து உட்கார்ந்தார். மார்பில் இருந்த கத்தியைத் தானே உருவி எதிரில் நின்றவன் கையில் கொடுத்தார். பழைய இடத்தில் போய் நின்று கடைசி வசனத்தை முதலிலிருந்து தொடங்கினார். மறுபடி கத்தி ஓங்கப்பட்டபோது லைட்காரர் பயத்தில் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டார். இருட்டில் சபை கைதட்டியது. இரண்டாம் முறை கத்தி ஓங்கியதும் விளக்கை அணைக்கும் பழக்கம் அன்றைக்கு வந்ததுதான்.

நாடகம் ஒன்றும் பிரமாதமில்லை. பொதுச் சுவருக்காக அண்ணனைத் தம்பி கொல்லும் கதை. கோர்ட்டுப் பக்கம் போனால் வாரம் ஒன்று பார்க்கலாம். அண்ணனாக நடித்தவர் பகலில் பஸ் பணிமனையில் டயர் கழற்றி மாட்டுகிறவர். அவர் மனைவி ஊருக்கெல்லாம் துணி தைக்கிற தையல்காரி, நாடகக் குழுவின் உடுப்புகளும் அவள் பொறுப்பு. கொல்லும் தம்பியாக வந்தவன் அவளுடைய சொந்தத் தம்பி, அதாவது நடிகரின் மச்சினன். விரலில் முள் குத்தினாலே தலை சுற்றி உட்கார்ந்துவிடுகிற ஆள். அதனால் குத்துகிற நேரத்தில் கண்ணை இறுக மூடிக்கொள்வான், பொய்க் கத்திக்கே அப்படி. பொய்க் கத்தி என்றால், அமுக்கியதும் தகடு பிடிக்குள் ஓடிவிடுகிற ஸ்பிரிங் கத்தி. அன்று மாலை மேக்கப்காரர் பழம் நறுக்க அதை எடுத்திருக்கிறார். மழுங்கலாக இருக்கிறதே என்று கல்லில் தீட்டியிருக்கிறார். நறுக்க நறுக்கத் தகடு உள்ளே ஓடுகிறதே என்று எரிச்சல் பட்டு, ஸ்பிரிங்குக்குக் குறுக்கே ஓர் ஆணியும் அடித்திருக்கிறார். அப்படிப்பட்ட காரியக்காரர். விசாரித்தபோது, “ஏன், பசிச்சா பழம் திங்கக் கூடாதா?” என்று திருப்பிக் கேட்டார்.

மறுநாள் ஆணியைப் பிடுங்கிவிட்டுப் பொய்க் கத்தியால்தான் குத்தினார்கள். முந்தைய நாள் சேதி அதற்குள் ஊர் பூராவும் பரவி, நிற்க இடமில்லாத கூட்டம். கத்தி பட்டதும் நடிகர் சாய்ந்தார். ஒரு சொட்டு ரத்தமில்லை. ‘டூப்பு, டூப்பு’ என்று பின்வரிசையில் யாரோ ஆரம்பிக்க, நாற்காலிகள் பறந்தன. மச்சினனின் முன்பல் இரண்டு தெறித்து விழுந்தன. திரைச்சீலை நடுவே கிழிந்தது. ஒரு சோடா பாட்டில் தையல்காரியின் காதோரம் உரசிப்போய்ச் சுவரில் உடைந்தது. நடிகர் மேடை ஓரமாக வந்து மச்சினனிடம் சொன்னார்: “ஆணியை அடிடா.”

“உங்களுக்கு என்ன கிறுக்கா?” என்றாள் தையல்காரி.

“நேத்து எழுந்தேன்ல? இன்னிக்கும் எழுந்துக்கறேன். இருபது வருஷமா தொண்டை கிழிய வசனம் பேசினேன், ஒரு பய திரும்பிப் பார்க்கல. செத்தாத்தான் நடிகன்னு ஒத்துக்கறானுங்க. செத்துட்டுப் போறேன், விடு.”

“ஊருக்கு வேடிக்கை, எனக்கு உசிருங்க.”

அவர் கேட்கவில்லை. ஆணி அடிக்கப்பட்டது. அவர் செத்தார், சபை கேட்டது, எழுந்தார். அன்றிரவு அவள் சட்டையை உப்பு நீரில் ஊற வைத்து, மார்புப் பக்கத்துக் கிழிசலை உள்பக்கமாக ஒட்டுப் போட்டுத் தைத்தாள். மறுநாள் காலை காப்பியை டம்ளரிலிருந்து தெறிக்கிற மாதிரி வைத்தாள்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு வருடமும் கலைவிழாவில் அவர் செத்தார். வெளியூர்களிலிருந்து வண்டி கட்டிக்கொண்டு வந்தார்கள். சங்கீதமும் நடனமும் இருந்த நாட்களில் சமோசாக் கடையில்தான் கூட்டம். நாடக நாளில் கடைக்காரரே கடையை மூடிவிட்டு உள்ளே வந்துவிடுவார். முன்வரிசைக்காரர்கள் மழைக்கோட்டு போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்கள், தெறிக்கும் என்பதற்காக. தெறிக்கட்டும் என்றே வெள்ளைச் சட்டையில் வந்தவர்களும் உண்டு; அந்தச் சட்டைகளைத் துவைக்காமல் கண்ணாடி போட்டு வரவேற்பறையில் மாட்டினார்கள். வருடம் தவறாமல் வருகிறவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வதைக் கேட்க வேண்டும். போன வருடம் கத்தி சாய்வாக இறங்கியது, அதில் ஒரு நளினம் இருந்தது, இந்த வருடம் அவசரக் குத்து என்பார்கள். வீட்டில் கோழி அறுத்தால் கொல்லைக்கே வராத பெண்மணி, விலா எலும்பு முறிகிற சத்தம் மூன்றாம் வரிசைக்குச் சரியாகக் கேட்கவில்லை என்று குழுவிடம் புகார் கொடுத்தாள். ஒரு வருடம் இரண்டாம் குத்தையும் வெளிச்சத்தில் பார்த்தே தீருவோம் என்று சிலர் லைட்காரர் மேல் பாய்ந்து கையை முறுக்கி முறித்தார்கள். விளக்கு அணையவில்லை. அன்று ஒரே மாலையில் அவர் மூன்று தடவை சாக வேண்டியதாயிற்று. மூன்றாம் தடவை எழுந்தபோது பொண்டாட்டியைப் பார்த்து, “நீங்க யாரு வீட்டுப் பொண்ணு?” என்று மரியாதையாகக் கேட்டார். விடிந்த பிறகுதான் அடையாளம் தெரிந்தது. ராத்திரி முழுக்க அவள் சுவரில் தலையை முட்டி முட்டி அழுதாள்.

சத்தத்துக்குத் தக்கபடிதான் ஆள் எழுவார் என்பது மழை வருடத்தில் தெரிந்தது. கூரை ஒழுகி, பாதிக் கூட்டம் முதல் காட்சியிலேயே வீட்டுக்கு ஓடிவிட்டது. மிச்சம் இருந்தவர்களும் குடை பிடித்துக்கொண்டு அரைமனசாகத்தான் ஒன்ஸ் மோர் கேட்டார்கள். நடிகர் எழுந்தார், ஆனால் இடது கை எழவில்லை. தோளிலிருந்து கீழே அது பிணத்தின் கையாகவே தொங்கியது. நிறம் நீலம், தொட்டால் ஜில்லென்றிருக்கும். வெந்நீர் ஒத்தடம் கொடுத்துப் பார்த்தாள், எண்ணெய் தேய்த்துப் பார்த்தாள், ஒன்றுக்கும் மசியவில்லை. பணிமனையில் டயரை விட்டுவிட்டு அவருக்கு வாசல் காவல் கொடுத்தார்கள். கூட வேலை செய்தவர்கள் அவருக்குச் செத்துப்பொழச்சான் என்று பேர் வைத்து, பீடியைப் பற்றவைத்து வாயில் வைத்துவிட்டார்கள். கோடையில் தையல்காரி அந்தச் செத்த கையை எடுத்துத் தன் நெற்றியில் வைத்துக்கொண்டு தூங்குவாள். நல்ல குளிர்ச்சி. ஆனால் கையைத் தொட்டபோதெல்லாம் அவள் மனதில் ஒரே கணக்குத்தான் ஓடும்: இன்னும் கொஞ்சம் கூட்டம் குறைந்தால் எது எழாமல் போகும்? கால்? நாக்கு? நெஞ்சு? அதனால் விழா வந்துவிட்டால் அவள் வீடு வீடாக நடப்பாள். ரவிக்கை அளவெடுக்கிற சாக்கில், “நாடகத்துக்கு வந்துடுங்கக்கா, கடைசியில நல்லா வாய்விட்டுக் கத்துங்கக்கா” என்று கெஞ்சுவாள். செத்துக் கிடக்கும்போது எப்படி இருக்கும் என்று ஒருநாள் அவரைக் கேட்டாள். “அதெல்லாம் சொன்னாப் புரியாது. அனுபவிச்சவனுக்குத்தான் தெரியும்” என்று மோட்டுவளையைப் பார்த்தார். பெரிய ஞானி மாதிரி ஒரு முகம். எத்தனை தரம் கேட்டாலும் அதே பதில், அதே மோட்டுவளை.

பிறகு தகடு வேய்ந்த கொட்டகையை இடித்துவிட்டுக் குளிர்சாதன அரங்கம் கட்டினார்கள். மெத்தை வைத்த நாற்காலி, கால் புதையும் கம்பளம், தெருச் சத்தம் ஒரு பொட்டுக்கூட உள்ளே வராத கனமான கதவு. பின்வரிசை பெஞ்சுகள் போயின. பெஞ்சில் உட்கார்ந்தவர்களும் போனார்கள், அதாவது பணிமனைக்காரர்கள், மூட்டை தூக்குகிறவர்கள், மார்க்கெட்டுப் பெண்கள். விழா நாட்களில் அவர்கள் அரங்கத்துக்கு எதிரே டீக்கடை ஓரமாக நின்று, கதவு திறக்கிறபோது கசிகிற வெளிச்சத்தைப் பார்த்துவிட்டுப் போவார்கள். புதிதாக வந்த விழாச் செயலாளர் பல தேசத்து அரங்கங்களைப் பார்த்தவர். நம் ஜனங்களுக்குப் பார்க்கத் தெரிகிறது, ரசிக்கத் தெரியவில்லை என்று வருந்தி, விழாவுக்கு முன்பாக ரசனை வகுப்பு நடத்தினார். விசில் கூடாது, நடுவே கைதட்டக் கூடாது, ஒன்ஸ் மோர் என்பது சந்தைக் கூச்சல், மௌனமே மிக உயர்ந்த பாராட்டு. யாராவது இருமினால்கூட உதட்டில் விரல் வைத்து ‘உஷ்’ என்பார். அவருக்கு அதுவே பேராகிவிட்டது. ஊர்ப் பெரிய மனிதர்கள் எல்லாரும் மாமியார், மருமகளோடு வகுப்புக்குப் போய்ச் சும்மா இருக்கக் கற்றுக்கொண்டார்கள்.

தையல்காரி உஷ்ஷின் அறைக்குப் போய் நின்றாள். “ஐயா, மத்த நேரம் எப்படி வேணா இருக்கட்டும். கடைசியில மட்டும் கத்தச் சொல்லுங்க.”

“அம்மா, உண்மையான ரசிகன் கத்தமாட்டான். கண்ணால பேசுவான்.”

“கண்ணால பேசினா எங்க வீட்டுக்காரரு எழுந்திருக்க மாட்டாருங்க.”

உஷ் சிரித்தார். கலைஞனின் குடும்பத்துக்குக் கலை புரியாமல் போவது உலக வழக்கம் என்றார். முன்வரிசைப் பாஸ் இரண்டு எடுத்து நீட்டினார். வீட்டுக்கு வந்து அவள் புருஷனின் காலைப் பிடித்துக்கொண்டு, இந்த வருடம் வேண்டாம் என்று அழுதாள். “படிச்ச சபைடி இது, நம்மள விட்டுடுவாங்களா?” என்று அவர் மீசைக்கு மை போட்டுக்கொண்டிருந்தார். ஆசை யாரை விட்டது.

அந்த மாலை அரங்கம் நிறைந்திருந்தது. மச்சினன் கண்ணை மூடிக்கொண்டு குத்தினான். விலா முறிந்த சத்தம் இந்த முறை கடைசி வரிசைவரை துல்லியமாகக் கேட்டது, கட்டிடம் அப்படி. நடிகர் மல்லாந்து விழுந்தார், வாயிலிருந்து ரத்தம் கொப்பளித்தது, காலை இரண்டு தரம் உதைத்தார், அடங்கினார். சபை மூச்சுவிடவில்லை. பெரிய மனிதர்கள் கன்னத்தில் கண்ணீர் வழிய, கைகளை மடியில் கோத்தபடி உட்கார்ந்திருந்தார்கள். அப்படி ஒரு மௌனத்தை அந்த ஊர் கண்டதில்லை. ஈ பறந்தால் கேட்கும். கண்ணைத் திறந்த மச்சினன் சொட்டுகிற கத்தியோடு நின்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தான். “கேளுங்கய்யா” என்று உதட்டை மட்டும் அசைத்தான். உஷ் பெருமையில் விம்மிக்கொண்டிருந்தார்.

திரை மறைவிலிருந்து தையல்காரி ஓடிவந்து புருஷன் தலைமாட்டில் நின்று, “ஒன்ஸ் மோர்!” என்று அலறினாள். ஒரு குரலுக்கு எவ்வளவு உண்டோ அவ்வளவு நடந்தது. செத்தவரின் வலது இமை மட்டும் பிரிந்தது. கருவிழி அவளைத் தேடி லேசாக நகர்ந்தது. அதற்குள் சபை முழுவதும், கற்றுக்கொண்ட பாடம் மறக்காமல், உதட்டில் விரல் வைத்து ‘உஷ்’ என்றது. அத்தனை வாயின் காற்றும் ஒன்றாக மேடைக்கு வந்தது. இமை மூடிக்கொண்டது.

தையல்காரி உடுப்பு அறைக்குள் போனாள். சூடு ஆறாத இஸ்திரிப் பெட்டியை ஒயரோடு பிடுங்கி எடுத்துக்கொண்டு கம்பளத்தில் நடந்தாள். வாசலில் நின்ற காவல்காரர், காட்சி முடியும்வரை கதவு திறக்காது என்றார். தோளில் ஓர் அடி. சட்டை பொசுங்கிய நாற்றம் வந்தது. அவர் மறுபடி கையை நீட்டினார், முழங்கையில் ஓர் அடி. எலும்பு விலகி அவர் கீழே உட்கார்ந்துவிட்டார். கதவின் தாழ்ப்பாளை அதே பெட்டியால் உடைத்துத் தெருவில் இறங்கி, “கத்துங்கடா பாவிகளா! உள்ள உங்க செத்துப்பொழச்சான் எழுந்திருக்காம கிடக்காரு!” என்று நெஞ்சில் அறைந்துகொண்டாள்.

டீக்கடையில் நின்றவர்கள் நாடகத்தைப் பார்க்கவில்லை. புது அரங்கத்துக்குள் அவர்கள் கால் வைத்ததே இல்லை. என்ன குத்து, எந்தப் பக்கம் விழுந்தார், ஒன்றும் தெரியாது. கையிலிருந்த கிளாசைப் போட்டுவிட்டு, பார்க்காத காட்சிக்கு அடிவயிற்றிலிருந்து ஒன்ஸ் மோர் கேட்டார்கள். கேட்டுக்கொண்டே உள்ளே பாய்ந்தார்கள். கதவை மூட முயன்றவனின் விரல்கள் நசுங்கின. மெத்தை நாற்காலிகள் வரிசையோடு பெயர்ந்தன. சால்வைகளைக் கழுத்தில் முறுக்கி இழுத்தார்கள். வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் மூக்குக்கண்ணாடி உடைந்து புருவத்துக்குள் ஏற, அலறினார். மழைக்கோட்டு போட்டவர்கள் நல்ல பலம்; அவர்களும் திருப்பி அடித்தார்கள், ஒரு மூட்டைக்காரரின் காது பாதி பிய்ந்தது. உஷ் நாற்காலி மேல் ஏறி நின்று உதட்டில் விரல் வைத்தார். மார்க்கெட்டுப் பெண் ஒருத்தி அந்த விரலைப் பிடித்து, முருங்கைக்காய் ஒடிக்கிற மாதிரி ஒடித்தாள். வருடக்கணக்காக ரத்தம் பார்த்த சபை அன்றுதான் சொந்த ரத்தத்தைப் பார்த்தது; யாருக்கும் அதில் நளினம் தெரியவில்லை. அத்தனை அடிதடிக்கு நடுவிலும் பணிமனைக்காரர்கள் கேட்பதை நிறுத்தவில்லை. பல்லுடைந்த வாயோடு கேட்டார்கள்.

நடிகர் எழுந்தார். இரண்டு கையையும் ஊன்றி எழுந்தார். இடது கை சிவந்து, சூடாகி, விரல் ஐந்தும் அசைந்தன. சண்டை நின்றது. வந்தவர்கள் மூச்சு வாங்கியபடி இடைவழியில் உட்கார்ந்தார்கள், அடிபட்டவர்கள் கிடந்த இடத்திலிருந்தே தலையைத் தூக்கினார்கள். கேட்டாயிற்று, இனி காட்ட வேண்டியதுதானே. மேடை ஓரத்தில் லைட்காரர் கையைப் பிசைந்தார். புது அரங்கத்தில் அவருக்குச் சுவிட்ச் கிடையாது, விளக்கையெல்லாம் பூட்டிய ஓர் அறையிலிருந்த பெட்டி தானாக இயக்கிக்கொண்டிருந்தது.

“மச்சான், லைட்டு அணையாது. வேணாம்” என்றான் மச்சினன்.

“வெளிய நின்னு கத்தினவங்கடா. ஒண்ணும் காட்டாம அனுப்பினா மரியாதையா இருக்குமா?” என்று நடிகர் தன் இடத்தில் போய் நின்று சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். கடைசி வசனத்தைத் தொடங்கினார். குரல் அன்றைக்குப் போல என்றைக்கும் எடுபட்டதில்லை.

தையல்காரி இதைக் கேட்டாள். கையில் இஸ்திரிப் பெட்டி அப்படியே இருந்தது. படியேறி வந்தாள், பெட்டியைக் கீழே வைத்தாள், மச்சினன் வழக்கம்போல் கண்ணை மூடுகிறவரை பொறுத்தாள். பிறகு புருஷனுக்கு முன்னால் போய் நின்றுகொண்டாள். கத்தி அவள் கழுத்துக்குக் கீழே, காரை எலும்பை ஒட்டி இறங்கியது. சத்தம் வரவில்லை, வசனமும் இல்லை. மடங்கி உட்கார்ந்து, புருஷன் காலில் சாய்ந்து, செத்துப்போனாள். கண்ணைத் திறந்த தம்பி அக்காவைப் பார்த்ததும் அங்கேயே மயங்கி விழுந்தான்.

இது நாடகத்தில் இல்லை என்பது எல்லாருக்கும் தெரிந்தது. யாருக்கும் வாய் எழவில்லை. நடிகர் அவளை மடியில் தூக்கிப் போட்டுக்கொண்டு, “ஏய், எழுந்திருடி, விளையாடாதே” என்றார். கன்னத்தில் தட்டினார். சபையைத் திரும்பிப் பார்த்தார், அங்கிருந்து ஏதாவது வரும் என்று. எத்தனையோ தரம் தனக்காக அது வந்தது அவருக்குத் தெரியும். எப்படி வருகிறது, யார் முதலில் ஆரம்பிக்கிறார்கள் என்று அவர் யோசித்ததே இல்லை. செத்துக் கிடக்கிறவனுக்கு அந்தக் கவலை ஏது? இப்போது வாயைத் திறந்தார், காற்றுத்தான் வந்தது. மறுபடி திறந்தார். “ஒன்ஸ் மோர்” என்று பிள்ளையழுகிற குரலில் கேட்டார். “ஒன்ஸ் மோர்! எனக்கு இவ வேணும்யா! கேளுங்கய்யா, கேளுங்க!” பணிமனைக்காரர்கள் கேட்டார்கள். மூக்குடைந்த பெரிய மனிதர்கள் கேட்டார்கள். காவல்காரர் எலும்பு விலகிய கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார். உஷ், தொங்குகிற விரலோடு, நாற்காலிக்கு அடியிலிருந்து கேட்டார்.

அவள் எழுந்து உட்கார்ந்தாள். கத்தியை உருவிப் பக்கத்தில் வைத்தாள். முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, புருஷனை ஏற இறங்கப் பார்த்தாள். “என்னங்க, இவ்வளவுதானா? இதுக்கா இத்தனை வருஷம் பிகு பண்ணிக்கிட்டிருந்தீங்க?”

அவர் இன்னும் அழுதுகொண்டிருந்தார்.

மறு வருடத்திலிருந்து ஒரு விழாவுக்கு அவர், ஒரு விழாவுக்கு அவள் என்று முறை வைத்துக்கொண்டார்கள். பேசாமல் நிறுத்திவிடலாமே என்று கேட்டவர்கள் உண்டு. அதைக் கேட்டவர்களே விழாத் தேதி எப்போது என்றும் கேட்டார்கள். கதையில் அண்ணனுக்கு ஒரு பொண்டாட்டி சேர்க்கப்பட்டாள். உஷ்ஷின் விரல் கோணலாகக் கூடியது, உதட்டுக்குப் போகாமல் காதுக்குப் போகிறது. ரசனை வகுப்பு இன்னும் நடக்கிறது, அதில் கத்துவதற்கும் ஒருநாள் ஒதுக்கியிருக்கிறார். பெஞ்சுகள் திரும்ப வந்துவிட்டன. லைட்காரருக்கு ஒரு சுவிட்ச் போட்டுக் கொடுத்தார்கள். மச்சினன் இன்னும் கண்ணை மூடிக்கொண்டுதான் குத்துகிறான், அதனால் சாகிறவர்கள் அவன் கையைப் பிடித்து இடம் காட்ட வேண்டியிருக்கிறது. வருடம் தவறாமல் வருகிறவர்கள் இருவரையும் ஒப்பிட்டுப் பார்த்து, அவருடைய சாவில் மிகை அதிகம், அந்தம்மாவுடையது சிக்கனம் என்கிறார்கள். அவருக்கு அதில் வருத்தம் உண்டு. அவள் முறை வருகிற வருடம் ரவிக்கையின் கிழிசலை அவர்தான் தைக்கிறார். தையல் கோணல் என்று விழா முடிந்த பிறகும் வீட்டில் சண்டை ஓயாது. யார் முறையானாலும் மற்றவருக்கு முன்வரிசையில் ஓர நாற்காலி. குத்து விழுந்ததும் முதல் ஆளாக அங்கிருந்துதான் குரல் எழும். தொண்டை கட்டிவிடக் கூடாதே என்று காலடியில் ஒரு பிளாஸ்க் வெந்நீர் இருக்கும். இந்த வருடம் சாவு அவருடையது, பிளாஸ்க் அவளுடையது.